சோடா நுரைத்தால் கேஸைக் குறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோலி சோடா பாட்டில் வைத்திருந்த இடத்தில் எவர்சில்வர் கேனும் குழாயும் வைத்துச் சோடா பிடித்துத் தருகிற கடைகள் நெல்லை, பாளையங்கோட்டை, தென்காசிப் பக்கம் இருக்கின்றன. கல்யாண வீட்டிலும் கொடைவிழாக் கடையிலும் வைப்பது அதே 19 லிட்டர் கேன்தான். பழுது என்று வருகிறவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றே: டம்ளரில் முக்கால் நுரை, அடியில் கால் சோடா, குடித்தால் சப்பென்று இருக்கிறது. ஆனித் தேரோட்டக் கூட்டம் வருமுன் இதை நாலு கடைக்காரர்கள் படித்தால் நல்லது என்று எழுதுகிறோம்.

நுரை வந்ததும் எல்லோரும், சிலிண்டரின் அழுத்தத்தைத் தணித்துக் கேனுக்கு அனுப்புகிற ரெகுலேட்டரைத் திருகி, கேஸை, அதாவது கார்பன் டை ஆக்சைடைக் குறைக்கிறார்கள். அதனால் நுரை கூடத்தான் செய்யும். கேனுக்குள் அழுத்தம் இறங்கியதும் தண்ணீரில் கரைந்திருந்த கேஸ் குழாயிலேயே பிரிந்து, டம்ளருக்கு நுரையாகத்தான் வந்து சேரும். மறுநாள் சோடாவில் காரமும் இருக்காது.

உண்மையான காரணம் பெரும்பாலும் சூடு. ஒரு லிட்டர் தண்ணீர் சாதாரண அழுத்தத்தில் 0 டிகிரியில் சுமார் 1.7 லிட்டர் கேஸைப் பிடிக்கும். 20 டிகிரியில் 0.9 லிட்டர்; 40 டிகிரியில் அரை லிட்டர் சொச்சம். 4 டிகிரி குளிரில் ரெகுலேட்டரில் 30 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தம் வைத்தால் தண்ணீரின் அளவைப் போல நாலு மடங்கு கேஸ் கரையும். சோடாவுக்கு அது போதும். அதே 30 பவுண்டில் தண்ணீர் 30 டிகிரி இருந்தால் பாதிதான் கரையும். ஆகவே முதல் டம்ளரை விட்டுவிட்டு இரண்டாவது டம்ளரில் தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். 6 டிகிரிக்கு மேல் காட்டினால் வேறு எதையும் தொடாமல் கேனை பிரிட்ஜில் ஒரு ராத்திரி முழுக்கக் குளிரவிடுங்கள். முதல் டம்ளர் மட்டும் நுரைத்து அடுத்தவை சரியாக வந்தால், வெளியில் நிற்கிற குழாய்த்தலைதான் சூடாகியிருக்கிறது. வெயில் படாத பக்கமாகத் திருப்பி வைத்தாலே பாதி தீரும்.

அடுத்தது டியூப். இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது. கைக்குக் கிடைத்த அகலமான டியூபில் ஒரு மீட்டர் வெட்டி மாட்டிவிடுகிறார்கள். 30 பவுண்டு வேகம் அப்படியே டம்ளரில் வந்து மோதினால் நுரைக்காமல் என்ன செய்யும்? உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, உள்ளே தெரிகிற, உணவுக்கு ஏற்ற டியூப் 9 மீட்டர் வாங்கி, பிரிட்ஜுக்குள்ளேயே சுருட்டி வையுங்கள். நீளத்தில் உராய்ந்து உராய்ந்து அழுத்தம் தணிந்து வரும். ஊற்றுவது ரொம்ப மெதுவாக இருந்தால் அரை அரை மீட்டராக வெட்டிக் குறைக்கலாம். குட்டையாக வெட்டியதை நீட்ட முடியாது, அதனால் நீளத்தில் தொடங்குங்கள்.

டியூபைப் பத்து நிமிஷம் சும்மா பார்த்தாலே பழுது தெரிந்துவிடும். குழாய்த்தலைப் பக்கம் குமிழ் சேர்ந்தால் சூடு. கேன் பக்கமிருந்து மணி மணியாகக் குமிழ் ஓடிவந்தால், கேனுக்குள் அடிவரை இறங்கும் கம்பிக்குழாயின் கழுத்தில் உள்ள ரப்பர் வளையம் கிழிந்திருக்கிறது. மேலே நிற்கிற கேஸ் அதன் வழியே சோடாவோடு கலக்கிறது. சில ரூபாய் வளையம்தான், மாற்றிவிடுங்கள். வாசலின் தடவாதீர்கள், சில ரப்பர் ஊதிப்போகும்.

குழாயை எப்போதும் முழுசாகத் திறக்க வேண்டும். பாதி திறந்தால் அந்தச் சின்ன இடுக்கிலேயே நுரை கிளம்பும். கலர் சோடா ஓடுகிற குழாயைத் தினமும் ராத்திரி கழற்றி வெந்நீரில் கழுவுங்கள். ஒட்டிய சர்க்கரையிலும், திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீர் விடுகிற கறையிலும் குமிழ் பற்றிக்கொண்டு கிளம்பும்.

உண்மையிலேயே கேஸ் ஏறிப்போயிருந்தால் சிலிண்டரை மூடி, கேனின் மூடியில் உள்ள வால்வை இழுத்து கேஸை விடுங்கள். அரை மணிக்கொரு தடவை மூன்று நாலு முறை செய்துவிட்டு மறுபடி 30 பவுண்டு வையுங்கள்.

சிலிண்டர் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறோம். 20 டிகிரியிலேயே அதற்குள் 800 பவுண்டுக்கு மேல் அழுத்தம். ரெகுலேட்டர் இல்லாமல் கேனில் மாட்டவே கூடாது. கேனின் சேஃப்டி வால்வை அடைக்கவும் கூடாது. வெயிலில் போடாமல், நிமிர்த்தி, சங்கிலியால் கட்டி வையுங்கள். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாகவும் இருக்கும்; ஆனால் 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவமே இருக்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்து மிச்சமிருக்கிற கேஸைக் கணக்கிட முடியாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். கசிந்த கேஸ் தரையோடு தங்கும். ஜன்னல் இல்லாத அறை ஆகவே ஆகாது.

எல்லாம் சரியாக இருந்தும் உப்பு சோடா பொங்கி மேஜையெல்லாம் வழிகிறது என்பார்கள். உப்புக்கல்லின் ஒவ்வொரு முனையிலும் குமிழ் பிறக்கிறது, அவ்வளவுதான். எலுமிச்சைச் சாற்றில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்துவிட்டு, டம்ளரைச் சாய்த்து ஓரமாகச் சோடாவை இறக்குங்கள்.

இப்படிக்கு,
சோடா மெஷின் பழுது பார்ப்போர் சிலர்,
பாளையங்கோட்டை.