கண்ணாடி உருக்கியவரின் கதையும் வேண்டும்

ஆசிரியருக்கு,

பிளஸ் டூ இயற்பியலில் ‘பிரான்ஹோபர் வரிகள்’ (சூரிய ஒளியைப் பிரித்தால் கிடைக்கும் வண்ணப்பட்டையான நிறமாலையில் தெரியும் கரிய கோடுகள்) என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அந்த மனிதரைப் பற்றிக் கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

1787-ல் ஜெர்மனியின் ஸ்ட்ராபிங்கில் பிறந்த ஜோசப் பிரான்ஹோபர், 11 வயதில் பெற்றோரை இழந்து, மியூனிக்கில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். 1801-ல் அந்தக் கட்டடம் இடிந்து விழ, இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டார். பார்க்க வந்த, பின்னாளில் பவேரிய மன்னரான மாக்சிமிலியன் ஜோசப் பண உதவி செய்தார். அதில்தான் படிப்பும் கருவிகளும்.

அப்புறம் அவர் வேலை செய்தது, பெனடிக்ட்பாயர்ன் மடாலயத்தில் இருந்த கண்ணாடி உலைக்கூடத்தில். அன்று லென்ஸுக்கான கண்ணாடியில் கோடு கோடாகப் புரை விழும். உருகிய குழம்பைச் சூளைமண் கோலால் கிளறிச் சீராக்கும் முறையை கினான் என்ற சுவிஸ் கைவினைஞரிடம் கற்று, மேலும் செம்மைப்படுத்தினார் பிரான்ஹோபர். கண்ணாடியின் ஒளிவிலகலைத் துல்லியமாக அளக்க வழி தேடியபோதுதான், 1814-ல், சூரிய நிறமாலையில் அந்தக் கரிய வரிகள் கண்ணில் பட்டன. ஐந்நூற்றுக்கும் மேல் எண்ணிக் குறித்தார். உலைக்கூட வேலைக்கான அளவுகோலாகவே முதலில் அவை பயன்பட்டன என்பதைப் பாடநூல் சொல்வதே இல்லை!

வாயு நகரும்போது இந்த வரிகள் சற்று இடம் மாறும்; அந்த இடப்பெயர்ச்சியை வைத்துத்தான் 1909-ல் கொடைக்கானலில் எவர்ஷெட் என்ற வானியலாளர், சூரியப் புள்ளிகளில் வாயு பாய்வதைக் கண்டறிந்தார்.

39 வயதிலேயே மறைந்த பிரான்ஹோபரைப் பற்றி உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு முழுக்கட்டுரை வெளியிடுங்கள். கண்ணாடி உருக்கிய பகுதியை மட்டும் தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள்.

- ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், கரூர்