அரையாண்டு நிறைவும் ஓவிய ஆசிரியைக்கான பாராட்டும்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி கூடியிருக்கிறது, கபடி அணி வட்டார அளவில் வென்றிருக்கிறது, குடிநீர்க் குழாய் வேலையும் முடிந்துவிட்டது. உழைத்த எல்லோருக்கும் நன்றி. கலைத் திருவிழாவில் ஓவியத்திலும் களிமண் சிற்பத்திலும் நம் பிள்ளைகள் மாவட்ட அளவு வரை சென்று வந்தார்கள். அதையொட்டி எழுந்த ஒரு விஷயத்தைத்தான் இப்போது விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

ஓவிய ஆசிரியைக்குப் பாராட்டு விழா எடுத்து மோதிரம் போடுவதற்காக, வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் வீட்டுக்கு 200 ரூபாய் வசூல் நடப்பதாகத் தெரியவந்தது. அதில் உள்ள அன்பை மதிக்கிறேன். ஓர் ஓவிய ஆசிரியரை ஊர் கூடிப் பாராட்ட நினைப்பது எளிதில் நடக்கிற காரியமல்ல. ஆனால் அவர் அரசு ஊழியர். பரிசு வாங்குவதற்கும் தம் பெயரில் விழா நடத்த விடுவதற்கும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள், 1973 கட்டுப்பாடு வைத்திருக்கிறது. நீங்கள் ஆசையாகப் போடும் மோதிரம் நாளை அவர் மீது புகாராகத் திரும்பலாம். எனவே வசூலை உடனே நிறுத்துங்கள். வாங்கிய பணத்தைக் கொடுத்தவர்களிடமே சேர்த்துவிடுங்கள். பணம் தராதவர்கள் பெயரைக் குழுவில் பட்டியல் போட்டது தவறு. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் நம் பள்ளியில் அதிகம். இனி ஒருபோதும் அப்படிச் செய்யக் கூடாது.

மரியாதை செய்ய முறையான வழி இருக்கிறது. மாநில அரசின் நல்லாசிரியர் விருது, டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தையொட்டி வழங்கப்படுகிறது. 10,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ் உண்டு. ஒன்றிய அரசின் தேசிய விருதுக்கு 50,000 ரூபாய். இரண்டுக்கும் மாவட்டத் தேர்வுக் குழுவைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும். அவருக்கான விண்ணப்பக் கோப்பு ஒன்றை இப்போதே தயார் செய்யத் தொடங்கியிருக்கிறோம். கணித ஆசிரியரின் உழைப்புக்குத் தேர்ச்சி விழுக்காடு சாட்சி சொல்லும். ஓவியத்துக்கு அப்படியொரு எண் கிடையாது. பிள்ளைகளின் படங்கள்தான் சாட்சி.

எந்தப் படம் சாட்சி ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டூல் மேல் ஒரு வாளியை வைத்து ஆறாம் வகுப்பை வரையச் சொன்னால், முதலில் பெரும்பாலோர் வாயை முழு வட்டமாகவும் அடியை ஸ்கேல் வைத்த நேர்கோடாகவும் வரைவார்கள். வாளியின் வாய் வட்டம், அடி தட்டை என்று அவர்களுக்குத் தெரியும்; தெரிந்ததை வரைகிறார்களே தவிர, கண்ணில் படுவதை அல்ல. தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு அந்த வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும், பெஞ்சில் இருப்பவருக்கு அது அகன்று தெரியும், நின்று பார்த்தால் இன்னும் அகலும். அடிக்கோடும் வளைந்தே தெரியும். நாற்பது பேரும் ஒரே மாதிரி வரைந்திருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதிய படம். உட்கார்ந்த இடத்துக்கு ஏற்ப நாற்பதும் மாறியிருந்தால், ஆசிரியர் கண்ணைப் பழக்கியிருக்கிறார் என்று பொருள். நம் ஆறாம் வகுப்பின் டிசம்பர் மாதப் படங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

ஆகவே வீட்டில் இருக்கும் பழைய படங்களைக் கொடுத்து உதவுங்கள். ஒரே பிள்ளை ஜூனில் வரைந்தது ஒன்று, இப்போது வரைந்தது ஒன்று போதும். பின்பக்கம் பெயர், வகுப்பு, மாதம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை முன்பக்கம் ஊறும். மடிக்காதீர்கள், மடிப்பில் போஸ்டர் வண்ணம் வெடித்து உதிரும். சுருட்டுவதானால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கட்டும். லேமினேஷன் வேண்டாம், அந்தச் சூட்டில் கிரேயான் மெழுகு உருகிப் பரவிவிடும். முக்கியமாக, கோணலாக இருக்கிறதே என்று அண்ணனோ அக்காவோ கை வைக்கக் கூடாது. அழுத்தமான பென்சில் கோடும் ஸ்கெட்ச் பேனா ஓரமும் பார்த்த உடனே காட்டிக்கொடுத்துவிடும். திருத்திய படம் ஒன்று கலந்தாலும் மொத்தக் கோப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வசூல் நடந்த அதே குழுவில், ஒன்பதாம் வகுப்பின் ஓவியப் பாடவேளைகளில் ஒன்றைக் கணிதத்துக்குக் கொடுக்கும்படி பெற்றோர் சிலர் கையெழுத்து வாங்கி மனு தந்திருக்கிறீர்கள். அந்த மனுவை ஏற்க இயலாது. ஆசிரியருக்கு மோதிரம் போட்டுவிட்டு அவருடைய பாடவேளையை எடுத்துக்கொள்வது மரியாதை ஆகாது. 45 நிமிடப் பாடவேளையில் தண்ணீர் பிடித்து வண்ணம் கரைக்க 10 நிமிடம், முதல் பூச்சு காய 15 நிமிடம், தூரிகை கழுவி இடத்தைத் துடைக்க 10 நிமிடம் போய்விடும். மிஞ்சுவது 10 நிமிடம். காய்வதற்குள் அடுத்த வண்ணம் வைத்தால் இரண்டும் கலந்து சேறு போலாகும். அதனால்தான் இரண்டு பாடவேளைகளை அடுத்தடுத்து வைத்திருக்கிறோம். கணிதத்துக்கு மாலைச் சிறப்பு வகுப்பு தனியாக நடக்கிறது. தேவைப்படும் பிள்ளைகளை அதற்கு அனுப்புங்கள்.

உங்கள் கவலை பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பற்றியது என்பது எனக்குத் தெரியும். அதைக் குறையாக நினைக்கவில்லை. ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றுபவர்கள், தூரிகை துடைக்கப் பழைய பருத்தித் துணியும் அகன்ற வாயுள்ள டப்பாவும் அனுப்பலாம், அதுவும் கட்டாயமில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வரும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். படங்களை அன்று சுவரில் மாட்டியிருப்போம். உங்கள் பிள்ளையிடம் கண்ட மாற்றத்தைக் குறிப்பாகச் சொன்னால், தீர்மானப் பதிவேட்டில் எழுதி அதன் நகலையும் கோப்பில் சேர்ப்போம். பொதுவாக "நல்ல டீச்சர்" என்பதைவிட "பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுகூட என் மகள் நோட்டில் வரைகிறாள்" என்பது போன்ற ஒரு வரி அவருக்கு அதிகம் உதவும்.

இந்த ஆசிரியை மீது இவ்வளவு அக்கறை காட்டிய உங்கள் எல்லோருக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்