லிலி டெய்லருக்கு ஒரு கடிதம்: வீடு மட்டும் நடித்த படம்

மதிப்பிற்குரிய லிலி டெய்லர் அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குத் தெரியாத மொழியில் எழுதப்படும் இக்கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். நீங்கள் நடித்து 1999 ஜூலையில் வெளியான ‘தி ஹாண்டிங்’ படத்தைச் சென்ற வாரம் மறுபடியும் பார்த்தேன். முதல்முறை பார்த்தபோது, பேய்ப்படம் பார்த்தும் பயம் வரவில்லையே என்ற ஏமாற்றம் மட்டும் இருந்தது. இம்முறை பேயை விட்டுவிட்டு உங்கள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்ததால், அந்த ஏமாற்றம் கோபமாக மாறிவிட்டது. கோபம் உங்கள்மீது அல்ல.

நீங்கள் ஏற்ற நெல் என்னும் பெண், படுக்கையில் கிடந்த தாயைப் பதினோரு ஆண்டுகள் தனியாளாகக் கவனித்துக்கொண்டவள். தாய் இறந்த பிறகு, இருக்கும் வீடும் அவளுக்கு இல்லை என்று உடன்பிறந்தவளே சொல்லிவிடுகிறாள். படத்தின் முதல் சில நிமிடங்களில் நீங்கள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. இரவெல்லாம் விழித்திருந்தே பழகிய ஒருத்தி, இனி யாரும் தன்னைக் கூப்பிட்டு எழுப்பப் போவதில்லை என்று அறிந்த பின்னும் தூங்க முடியாமல் தவிப்பது உங்கள் தோள்களின் சரிவிலேயே தெரிந்துவிடுகிறது. தூக்கமின்மை ஆய்வு என்று சொல்லி அழைத்து, உண்மையில் பயத்தைப் பற்றி ஆராயும் டாக்டர் மாரோவின் வலையில் அவள் விழுவது அதனால்தான் நம்பும்படியாக இருக்கிறது.

அதன்பின், ஆய்வு நடக்கும் ஹில் ஹவுஸ் என்னும் பேய்வீடு வருகிறது. நீங்கள் காணாமல் போகிறீர்கள்.

வெளித்தோற்றத்துக்கு இங்கிலாந்தின் லிங்கன்ஷயரிலுள்ள ஹார்லாக்ஸ்டன் மாளிகையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உள்ளறைகளைக் கலிபோர்னியாவின் லாங் பீச்சில், தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸின் ராட்சத விமானம் ஒருகாலத்தில் நின்றிருந்த குவிமாடக் கூடத்துக்குள் கட்டி எழுப்பினார்கள். விமானம் நின்ற இடத்தில் மனிதர்களை நிறுத்தினால் அவர்கள் எறும்பாகத்தானே தெரிவார்கள்? கலை இயக்குநர் யுஜீனியோ ஸனெட்டியின் உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். படத்தைப் பாராட்டிய விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டும் அந்த அரங்க அமைப்பைத்தான் முதன்மையாகப் புகழ்ந்தார். ஒரு திருமண வீட்டுக்குப் போய்விட்டு வந்து பந்தல் நன்றாக இருந்தது என்று மட்டும் ஒருவர் சொன்னால், சாப்பாட்டைப் பற்றி நாம் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை.

உங்களோடு இருந்தவர்களும் இலேசுப்பட்டவர்கள் அல்லர். ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற லியாம் நீசனுக்கு இங்கே விளக்கவுரை சொல்லும் வேலையே மிச்சம். கேத்தரின் ஜீட்டா-ஜோன்ஸ் அழகான உடைகளில் வந்து போகிறார். ஓவன் வில்சன் சில வேடிக்கைப் பேச்சுகளுக்குப் பிறகு, கணப்படுப்பின் சிங்கத்தலைக்குத் தம் தலையைக் கொடுக்கிறார். புரூஸ் டெர்ன் போன்ற ஒருவரை வாயிற்காவலராகச் சற்று நேரம் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள். ‘ஸ்பீட்’, ‘ட்விஸ்டர்’ படங்களை இயக்கிவிட்டு இதையும் இயக்கிய யான் டி பாண்ட்டுக்கு ஓடும் பேருந்தையும் சூறாவளியையும் கையாளத் தெரியும். ஓர் அறையில் நான்கு பேரைச் சும்மா உட்காரவைத்துப் பயமுறுத்தத் தெரியவில்லை.

எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய மூல நாவலில், நடப்பது வீட்டின் வேலையா, அந்தப் பெண்ணின் உடைந்த மனத்தின் வேலையா என்பது கடைசிவரை தீர்வதே இல்லை. அதை 1963இல் கறுப்பு வெள்ளையில் எடுத்த ராபர்ட் வைஸ், பேயை ஒருமுறைகூடக் காட்டவில்லை. மூடிய மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கிப் புடைக்கும், அந்தப் பெண்ணாக நடித்த ஜூலி ஹாரிஸின் முகம் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். உங்கள் படத்திலோ படுக்கை விரிப்பில் குழந்தையின் முகம் எழுகிறது, மரச்சிற்பங்கள் தலையைத் திருப்புகின்றன, முடிவில் அந்த வீட்டைக் கட்டிய ஹியூ கிரெய்ன் கணினி வரைந்த ராட்சதனாகவே வந்து நிற்கிறான். போதாததற்கு, நெல் அந்தக் குடும்பத்தின் வாரிசு என்றும், இறந்த குழந்தைகளை மீட்க வந்தவள் என்றும் ஒரு வம்சக் கணக்கைச் சொல்லி, இருந்த ஒரே சந்தேகத்தையும் துடைத்துவிடுகிறார்கள். சந்தேகம் போனபின் உங்கள் முகத்தில் நாங்கள் தேட என்ன இருக்கிறது? படப்பிடிப்பின்போது அங்கே இல்லாத, பின்னால் கணினியில் சேர்க்கப்போகும் ஒன்றைப் பார்த்து அலறுவதைத் தவிர உங்களுக்கும் வேறு வழி இருந்திருக்காது.

செலவு 8 கோடி டாலர். அதே ஜூலையில், சில பத்தாயிரம் டாலர்களில் படம்பிடிக்கப்பட்ட ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ வந்தது. கேமராவைத் தன் முகத்துக்கு மிக அருகே பிடித்துக்கொண்டு ஒரு பெண் அழுத காட்சிதான் அதில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆகஸ்டில், நம் புதுச்சேரியைச் சேர்ந்த மாஹேயில் பிறந்த ஷியாமளனின் ‘தி சிக்ஸ்த் சென்ஸ்’ வந்தது. போக்குவரத்து நெரிசலில் நிற்கும் காரின் உள்ளே தாயும் மகனும் பேசிக்கொள்ளும் காட்சியை, டோனி கொலெட்டின் முகத்தை நம்பி, அவசரமில்லாமல் எடுத்திருந்தார்கள். உங்கள் முகத்தையும் யாராவது அப்படி நம்பியிருக்கலாம்.

நம்பியவர் 14 ஆண்டுகள் கழித்து வந்தார். 2013இல் ஜேம்ஸ் வான் எடுத்த ‘தி கான்ஜுரிங்’ படத்தில் ஐந்து பெண் குழந்தைகளின் தாயாக நீங்கள் நடித்தீர்கள். நிலவறைப் படிக்கட்டில் அகப்பட்டுக்கொண்டு, நடுங்கும் விரல்களால் தீக்குச்சியை உரசிப் பிடித்திருக்கிறீர்கள். திரையில் உங்கள் முகமும் அந்தச் சிறு வெளிச்சமும் மட்டுமே இருக்கின்றன. பிறகு உங்கள் தோளுக்குப் பின்னாலுள்ள இருட்டிலிருந்து இரண்டு கைகள் வந்து ஒன்றோடொன்று தட்டுகின்றன. அந்த ஒரு காட்சியில் நான் நாற்காலியை விட்டு எழுந்தே போனேன். ஹில் ஹவுஸில் கழித்த ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூட எழவில்லை, கடிகாரத்தைப் பார்க்க எழுந்ததைத் தவிர.

மரியாதையுடன்,
உங்கள் ரசிகர்களுள் ஒருவன்