அந்த ரொட்டியைச் சுட்டவர் டை சிங்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த காட்டு முகாம் தொடரை ஒரே மூச்சில் படித்தேன். 1903ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் இயற்கை ஆர்வலர் ஜான் மியூரும் கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைக்காட்டில் மூன்று இரவு தங்கியதையும், காலையில் எழுந்தால் போர்வை மேல் பனி கிடந்ததையும் படித்தபோது எனக்கே குளிர்ந்தது. ஆனால் 1915 பயணத்தைச் சொன்ன இடத்தில் மனசு கேட்கவில்லை. அப்போது அமெரிக்க அரசில் தேசியப் பூங்காக்களைக் கவனித்துவந்த ஸ்டீபன் மேதர், கலிபோர்னியாவின் சியரா மலைக்கு அழைத்துப்போன எம்.பி., பத்திரிகை ஆசிரியர், ரயில்வே அதிகாரி என்று எல்லாப் பெரிய மனிதர்களையும் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் அவர்களுக்குச் சமைத்துப் போட்டவரை மட்டும் 'ஒரு சீனச் சமையல்காரர்' என்று முடித்துவிட்டீர்களே.

அவர் பெயர் டை சிங். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் மலைக்குழுக்களுக்குப் பல வருடம் சமைத்தவர். குளிரில் மாவு பொங்காது என்பது வீட்டில் மாவு கரைக்கிற யாருக்கும் தெரியும், அவர் என்ன செய்தார் என்றால், காலையில் ரொட்டி மாவைப் பிசைந்து கோவேறு கழுதையின் உடம்போடு ஒட்டினாற்போல் கட்டிவிடுவார், நாள் முழுக்க அது நடக்க நடக்க அந்தச் சூட்டிலேயே மாவு பொங்கி, சாயங்காலம் முகாம் போடும்போது சுடுவதற்குத் தயாராக இருக்கும். இறைச்சி கெடாமலிருக்க ஈரச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போவார். அப்புறம் அத்தனை உயரத்திலும் வெள்ளை விரிப்பு போட்டுத்தான் பரிமாறுவார்.

மேதர் அந்தப் பெரிய மனிதர்களைக் கூட்டிப்போனது ஊர் சுற்றிக்காட்ட மட்டுமல்ல, தேசியப் பூங்காக்களுக்கு ஒரு தனித் துறை வேண்டும் என்று மனம் மாற்றத்தான். அதற்கான சட்டம் 1916 ஆகஸ்டில் வந்துவிட்டது. பசியோடும் எரிச்சலோடும் மலை இறங்கியிருந்தால் அவர்கள் அதற்கு ஆதரவாகப் பேசியிருப்பார்களா? டை சிங்கின் கைக்கும் அதில் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன். சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று 1882லேயே சட்டம் போட்டிருந்த நாடு அது. அங்கேதான் 1899ல் யோசெமிட்டியின் ஒரு சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1918ல் வேலையிலிருக்கும்போதே விபத்தில் இறந்துபோனார்.

அடுத்த பகுதி சியரா கிளப் என்ற இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1901ல் தொடங்கிய மலைப் பயணங்களைப் பற்றியது என்று போட்டிருக்கிறீர்கள். அங்கே ஆரம்ப வருடங்களில் பெரிய அடுப்படியைப் பார்த்துக்கொண்டவரும் ஒரு சீனர்தான், சார்லி டக். தயவுசெய்து அவர் பெயரையாவது விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி