வைக்கோல் கட்டுக்குள் கை விட்டுப் பார்த்த அண்ணனுக்கு

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கத்து மாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம். இந்த 2017-ஆம் வருஷக் கோடை எப்படிப் போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கொறங்காடும், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடும், என்னுடையது மாதிரிதான் காய்ந்து கிடந்திருக்கும். இப்போது மழை விழுந்து கொழுக்கட்டைப் புல் கணுக்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

என்னிடம் நாலு உருப்படி மாடு. ஜனவரியில் தமிழ்நாட்டின் 32 மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது. அப்புறம் மலிவு விலைக்கு வைக்கோல் கொடுக்க அரசின் உலர் தீவனக் கிடங்கு வந்தது. மாட்டுக்கு ஒரு நாளைக்கு 3 கிலோ வைக்கோல், கிலோ 2 ரூபாய் என்று கொடுத்தார்கள். எனக்கு வாரத்துக்கு 84 கிலோ, 168 ரூபாய். மூணு கிலோவில் மாட்டுக்கு வயிறு நிறையாது, அது நிஜம். ஆனால் அது கைவசம் இருந்ததால்தான் மீதிக்குக் கரும்புத் தோகை, பனை ஓலை என்று அலையத் தெம்பு இருந்தது. அடிமாட்டு விலை பேசிக்கொண்டு வாசலில் நின்ற தரகரிடம் "கொடுக்கிறதில்லைங்க" என்று சொல்ல முடிந்தது.

முதல் வாரம் வாங்கப் போனபோது இருட்டிவிட்டது. எடை போட்டு, பணம் கட்டி, மகன் வண்டியில் ஏற்றப் போனான். லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த ஒரு சுமைக்கார அண்ணன் "கொஞ்சம் இருங்க அம்மிணி" என்று வந்து, கட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டார். "உள்ளே சூடா இருக்குதுங்க, நனைஞ்ச வைக்கோல்" என்றார். பிரித்துக் காட்டினார். நடுவில் கறுப்பாகப் பூசணம், தூசி மாதிரி பறந்தது. "சினை மாடு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். என் மயிலை, சாம்பல் நிறப் பசு, அப்போது ஆறு மாதச் சினை.

அவரே உள்ளே போய்ச் சொல்லி, வேறு கட்டு எடுத்து, மறுபடி எடை போட வைத்தார். அதோடு விடவில்லை. கட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் நூலை ஒவ்வொன்றாக உருவி, எண்ணிப் பார்த்து மடியில் சொருகிக்கொண்டார். "இது வயித்துக்குள்ள போனா யாராலயும் எடுக்க முடியாதுங்க." பின்னால் லாரிக்காரர் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் செய்தார் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்தடுத்த வாரங்களில் பார்த்தால் வருகிற எல்லார் கட்டுக்கும் அதேதான். அவருக்கு இறக்குகூலி மட்டும்தான். கட்டைப் பிரித்துப் பார்க்க யாரும் அவருக்குக் காசு கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் பார்க்காமல் பதிவு போட்டுக் கொடுத்த கால்நடை டாக்டர், தன் போர்த் தண்ணீரில் எங்கள் தொட்டியையும் நிரப்பிய பக்கத்துத் தோட்டத்து மாமா, தோகை கொண்டுவந்து போட்ட கொழுந்தனார், விற்காதே அக்கா என்று தினமும் போன் செய்த தம்பி, எல்லாருக்கும் என் நன்றி. உங்கள் பெயரைத் தனித்தனியாக எழுதவில்லை என்று வருத்தப்பட மாட்டீர்கள்.

இனி ஒன்று செய்வதாக இருக்கிறேன். கொறங்காட்டில் ஒரு பகுதியை இந்த வருஷம் மாடு விடாமல் அடைத்துப் போடுவேன். புல் விதை கொட்டட்டும். கிளுவை வேலியில் விழுந்த இடைவெளியையும் அடைக்க வேண்டும். தை மாதம் சோளத்தட்டு வாங்கிப் போராக அடுக்கி வைத்துவிடுவேன். அடுத்த வறட்சியில் யார் வந்து ஒரு கட்டு கேட்டாலும், கையை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் கொடுப்பேன்.

அண்ணா, கிடங்கு மூடின பிறகு உங்களை விசாரித்தேன், நீங்கள் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. மயிலை கன்று போட்டுவிட்டது, கிடேரி. இப்போது செவலையாக இருக்கிறாள். ஆறேழு மாதத்தில் நிறம் மாறிவிடும், அதற்குள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்க.