சாசனத்தை எழுதப்போவது யார்? வாஷிங்டன் மாநிலத் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வாஷிங்டன் மாநிலத்தில், தம் அரசின் அமைப்பை வகுக்கும் அடிப்படை ஆவணமான சாசனத்தை இன்னும் தமக்கென இயற்றிக்கொள்ளாத 32 கவுன்டிகளில் (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதிகளில்) வாக்குரிமை பெற்று வாழும் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம்.

மாநிலத்தின் 39 கவுன்டிகளில் ஏழு மட்டுமே தன்னாட்சிச் சாசனத்தின்கீழ் இயங்குகின்றன. 1968இல் கிங் கவுன்டி தொடங்கி வைத்தது. கிளாலம், வாட்கம், ஸ்னோஹோமிஷ், பியர்ஸ், சான் வான் ஆகியவை தொடர்ந்தன. கடைசியாக 2014இல் கிளார்க் சேர்ந்தது. உங்கள் கவுன்டிகளையோ மாநிலச் சட்டம் வகுத்த பழைய முறைப்படி, பெரும்பாலும் மூன்று ஆணையர்கள் ஆள்கிறார்கள். விதிகளை இயற்றுவதும் அவர்களே, நிர்வாகத்தை நடத்துவதும் அவர்களே. மூவரில் இருவர் சேர்ந்தாலே பெரும்பான்மை ஆகிவிடுவதால், இரண்டு ஆணையர்கள் காப்பிக் கோப்பையோடு நடைக்கூடத்தில் நின்று ஒரு சாலைப் பணியைப் பற்றிப் பேசினால்கூட, 1971ஆம் ஆண்டின் திறந்த கூட்டச் சட்டத்தின்படி அது பொதுமக்களுக்கு அறிவித்து நடத்த வேண்டிய கூட்டமாகக் கருதப்படும்.

இதை மாற்ற வேண்டும் என்ற பேச்சு உங்கள் ஊரிலும் எழக்கூடும். அப்போது எல்லாருடைய கவனமும் சாசனத்தை ஏற்பதா மறுப்பதா என்ற இறுதி வாக்கெடுப்பின்மீதே இருக்கும். அதற்கு முந்தைய படிதான் முக்கியம் என்பது என் கருத்து. 1948இல் திருத்தப்பட்ட மாநில அரசியலமைப்பின்படி, ஆணையர்களின் தீர்மானத்தாலோ, கடந்த பொதுத் தேர்தலில் வாக்களித்தோரின் எண்ணிக்கையில் பத்து விழுக்காட்டினர் கையெழுத்திட்ட மனுவாலோ, சாசனத்தை வரைவதற்கென்று 15 முதல் 25 பேரை மக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். இவர்களுக்கு 'ஃப்ரீஹோல்டர்' என்று பெயர். அந்தப் பழங்காலச் சொல்லைப் பார்த்து, சொந்த நிலம் இருந்தால்தான் போட்டியிட முடியுமோ என்று மலைக்க வேண்டாம். வாக்காளராக இருப்பதும், அந்தக் கவுன்டியில் ஐந்தாண்டுகள் வசித்திருப்பதும் போதும். தேர்வான முப்பது நாளுக்குள் அவர்கள் கூட வேண்டும். அவர்கள் எழுதித் தரும் வரைவை வாக்காளர் ஒன்று முழுமையாக ஏற்கலாம், அல்லது நிராகரிக்கலாம். அந்த வாக்கெடுப்பில் ஒரு வரியைக்கூட மாற்ற இயலாது.

எழுதுபவர்களைப் பொறுத்து விளைவு எவ்வளவு மாறும் என்பதற்கு நடப்பவையே சான்று. கிங் கவுன்டியில் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர் இருக்கிறார். கிளார்க்கில் ஐவர் கொண்ட மன்றம் நியமிக்கும் மேலாளர் இருக்கிறார். சான் வான் தன் சாசனத்தில் ஆறு உறுப்பினர் மன்றம் அமைத்துப் பார்த்துவிட்டு, 2012இல் மூவர் முறைக்கே திரும்பியது.

சாசனத்தால் எல்லாம் கைகூடிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அது கவுன்டிக்குப் புதிய வரி விதிக்கும் அதிகாரத்தைத் தருவதில்லை. நீதிமன்றங்களின் வரம்பையும், அரசு வழக்கறிஞர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதையும் அது தொட முடியாது. கவுன்டியின் காவல்துறைத் தலைவரான ஷெரிஃபின் பதவியைத் தொடலாம். கிங் கவுன்டியின் முதல் சாசனம் அதை நியமனப் பதவியாக்கியது. 1996இல் வாக்காளர்கள் அதைத் தேர்தல் பதவியாக்கினார்கள். 2020இல் மீண்டும் நியமனத்துக்கே மாற்றினார்கள்.

அந்த 2020 தேர்தலின்போது என் வீட்டு உணவு மேசையில், தீபாவளி முறுக்கு டப்பாவுக்கு அடியில், அஞ்சலில் வந்த வாக்குச்சீட்டு பல நாள் கிடந்தது. அதிபர் தேர்தலுக்கான வட்டத்தை நிரப்பிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன். கடைசி நாள் மாலையில் ஷெரிஃப் பற்றிய கேள்விக்கு வந்தபோது, வாக்காளர் கையேட்டில் இருந்த இரு தரப்பு வாதங்களையும் படிக்காமலே பேனாவை எடுத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். தெரிந்த பதவிக்கே இந்தக் கதி என்றால், பெயரே கேள்விப்படாத ஃப்ரீஹோல்டர் வேட்பாளர் வரிசைக்கு என்ன கதி நேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். அந்தத் தேர்தல் வந்தால், ஒவ்வொரு வேட்பாளரிடமும் நிர்வாகத் தலைவர் தேர்தலா நியமனமா, மன்றத்துக்கு எத்தனை உறுப்பினர்கள், ஷெரிஃப் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று கேட்டு, அதன்பிறகு வாக்களியுங்கள். ஐந்தாண்டுகளுக்கு மேல் அங்கு வசிப்பவர்கள், தாமே போட்டியிடுவதைப் பற்றியும் வீட்டில் பேசிப் பாருங்கள்.

இப்படிக்கு,
கிங் கவுன்டி வாக்காளர் ஒருவர்