ஈ.கோலி இல்லை என்றால் காலரா இல்லை என்று ஆகுமா?

கடலோர ஊராட்சிகளின் குடிநீர்ச் சோதனைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு, வணக்கம்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் வராத நாட்களில் சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புகிறார்கள். அவசரப்பட்டு அடியைக் கீறினால் கலங்கிவிடும். மறுபடி தெளியும்வரை வெயிலில் குந்தியிருக்க வேண்டும். பக்கத்து உப்பங்கழி மழைக்குப் பெருகினால் ஊற்றுக்குள்ளும் ஏறும். லேசான உப்பு, வெதுவெதுப்பு, கொஞ்சம் காரத்தன்மை: காலராக் கிருமி கேட்பதும் இவ்வளவுதான்.

வயிற்றுப்போக்கு கண்ட குப்பத்தில் மாதிரி எடுத்தீர்கள். குடல் பாக்டீரியாவான ஈ.கோலி இல்லை, ஆகவே தண்ணீர் நல்லது என்று ரிப்போர்ட் கொடுத்தீர்கள். ஈ.கோலி மலக்கலப்பைக் காட்டும். உப்பு நீரில் சீக்கிரம் சாகும். காலராக் கிருமியான விப்ரியோவுக்கோ கழிமுகம்தான் சொந்த ஊர். கோபிபாட் என்னும் பொடி உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டே பிழைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பட்டால் கறுக்கும் எச்2எஸ் சோதனைக் குப்பி கறுக்கவில்லை என்பதும் பதிலாகாது. விப்ரியோ காலரே அந்த வாயுவை உண்டாக்குவதே இல்லை.

எனவே கேட்பது ஒன்றுதான்: விப்ரியோவைத் தனியாகத் தேடுங்கள். மாதிரியை ஐஸில் புதைக்காதீர்கள். குளிரில் அது பாதி சாகும், பாதி முடங்கும். முடங்கியது உயிரோடு இருந்தும் ஆய்வகத் தட்டில் வளராது. வெயில் படாமல், ஐஸ் இல்லாமல் அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். விப்ரியோவைப் பெருகவைக்கும் காரப் பெப்டோன் நீரில் 37 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் வைத்து, மேலே படரும் ஏட்டிலிருந்து எடுத்து விப்ரியோவைப் பிரித்து வளர்க்கும் டிசிபிஎஸ் தட்டில் கீற வேண்டும். மஞ்சள் காலனி வந்ததுமே ஊரைக் கலக்கவும் வேண்டாம். எல்லா விப்ரியோவும் காலரா தராது. நச்சு மரபணுவைச் சுமந்து வருவது பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு ஃபேஜ் வைரஸ். அந்த மரபணு இருக்கிறதா என்று பிசிஆர் சோதனையில் பாருங்கள். ஓ1 வகையை மட்டும் அடையாளம் காட்டும் ஓ1 சீரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 1992-இல் சென்னையில் தலைகாட்டிய ஓ139 அதற்குப் பிடிபடாத வகை.

குளோரின் கதை தனி. 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கு, 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடருக்கு. மூட்டையை வாய் கட்டாமல் கடல்காற்றில் போட்டால் மிஞ்சுவது சுண்ணாம்புதான். பதிவேட்டில் மட்டும் அளவு குறைவதே இல்லை, அதற்கு எந்தக் காற்றும் படாது போலும்! மேல்நிலைத் தொட்டிக்கு அடியிலேயே குளோரின் அளவு பார்க்கும் குளோராஸ்கோப்பைப் பிடித்து எழுதுவதை விடுங்கள். கடைசித் தெருக் குழாயில், டேங்கர் லாரிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது நிற்கிறதா?

கோபம் இருக்கட்டும். அடுத்த மாதிரி எடுக்கும்போது குழாயோடு ஊற்றையும் சேர்த்து, விப்ரியோவைத் தனியாகத் தேடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். என்ன முறையில் சோதித்தீர்கள் என்று எழுதி, ரிப்போர்ட்டின் நகலை ஊராட்சிப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
கடலோர ஊர்களில் நீர்ச்சோதனை பார்ப்பவர்கள்